கிரானைட் மேடைக்குக் கீழும் மேலும் கப்போர்டை நாமே மாட்டலாமா?

கேள்வி இதுதான்: பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிய சொந்த வீடு. சமையலறையில் எல் வடிவ கிரானைட் மேடை, கீழே கடப்பா கல் தடுப்புகள், கதவு எதுவும் கிடையாது. மேலே 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண். மாடுலர் கிச்சன் கம்பெனிகள் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. பிளைவுட்டை அளவுக்கு வெட்டி வாங்கி, கீழேயும் மேலேயும் நாங்களே கப்போர்டு மாட்டிவிட முடியுமா?

முடியும். பல வருடமாக வீடுகளுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கிறவன் என்ற முறையில் தைரியமாகவே சொல்கிறேன். இரண்டு பேர், நல்ல டிரில் ஒன்று, அவசரப்படாத மனசு, இவ்வளவு இருந்தால் போதும். பெட்டி செய்வது இதில் கஷ்டமான பகுதி இல்லை. மெஷினில் வெட்டி வரும் பலகை ஒரு நூல்கூட, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூடப் பிசகாது. பிசகுவதெல்லாம் நம் வீட்டுச் சுவரும் தரையும் மூலையும்தான். நேரான பெட்டியை நேரில்லாத இடத்தில் உட்கார வைப்பதே முழு வேலையும். அதனால் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சுவரையும் தரையையும் படித்துவிடுங்கள்.

முதலில் மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை விட நம்பகமான கருவி வேறில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒருவர் ஒரு மூலையிலும் இன்னொருவர் மறு மூலையிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் கோடு ஒரே மட்டம். லேசர் லெவல் இருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். சமையலறையைச் சுற்றிலும் இந்த மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கீழே தரை வரைக்கும் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் அளந்து எழுதுங்கள். பல சமையலறைகளில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை ஒரு பக்கம் சாய்த்தே போட்டிருப்பார்கள். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தரை எங்கே மிக உயரமாக இருக்கிறதோ அங்கிருந்துதான் கீழ் பெட்டிகளின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். தாழ்ந்த இடத்தில் பெட்டிக்கு அடியில் வரும் காலைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம். உயர்ந்த இடத்தில் பெட்டியைக் குறைக்க முடியாது.

அப்புறம் கடப்பா தடுப்புகளுக்கு இடையே உள்ள அகலம். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில், அதையும் மேலே ஒருமுறை கீழே ஒருமுறை அளக்க வேண்டும். கிடைத்ததில் எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு. அதிலிருந்து இன்னும் மூன்று நூல் குறைத்துப் பெட்டி செய்தால் சிரமமில்லாமல் உள்ளே போகும். எல் மூலை சரியான மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே அளந்து பாருங்கள். சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தடுப்பையே எடுத்துவிட்டு ஒரே பெரிய பெட்டியாக வைக்கலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். தயவு செய்து வேண்டாம். கிரானைட்டின் பாரம் அந்தக் கடப்பா கல்லின் மேல்தான் நிற்கிறது. நடுவில் படுக்கையாக ஒரு கடப்பா தட்டு இருந்தால் அது வேறு விஷயம். வெறுமனே உட்கார்ந்திருக்கும் தட்டு என்றால் கொத்தனாரை வைத்து எடுத்துவிடலாம். நிற்கும் கல்லைத் தொடக்கூடாது.

இனி சுவர். மேல் கப்போர்டு மாட்டப்போகும் சுவர் எதனால் கட்டியது என்று தெரியாமல் ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள். கப்போர்டு வந்த பிறகு மறைந்துபோகும் இடத்தில் ஒரே ஒரு சோதனை ஓட்டை போட்டுப் பாருங்கள், பொடியே சொல்லிவிடும். டைல்ஸ் இருந்தால் முதலில் வருவது டைல்ஸின் பொடி. அது வெள்ளையாகவும் இருக்கலாம், லேசான சிவப்பாகவும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதைத் தாண்டியதும் சாம்பல் நிறத்தில் பூச்சுக் கலவை வரும். அதற்கும் பிறகு செக்கச்செவேல் என்று பொடி கொட்டினால் செங்கல். அந்தச் சிவப்பு தொடங்கிய இடத்திலிருந்து உள்ளே 2 அங்குலம் போனால்தான் ஸ்க்ரூ பிடித்ததாகக் கணக்கு. சாம்பலுக்குப் பிறகும் சாம்பலாகவே வந்து, பிட் திடீரென்று வெறுமையில் விழுந்தால் அது ஹாலோ பிளாக். எந்தத் தடையும் இல்லாமல் வெண்ணிறப் பொடியாகக் கொட்டிக்கொண்டு சரசரவென்று உள்ளே போனால் ஏஏசி பிளாக், அதாவது நுண்துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்.

செங்கல் சுவர் என்றால் கவலை இல்லை, ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் நல்ல நைலான் பிளக் போதும். ஏஏசி சுவரில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென்றே அகலமான மரையுடன் வரும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஹாலோ பிளாக்குக்கு, ஓட்டைக்குள் வலைக்குழாயைச் செருகி அதில் கெமிக்கல் பசையை நிரப்பிக் கம்பியைப் பிடிக்க வைக்கும் முறைதான் எனக்கு நம்பிக்கை. கொஞ்சம் செலவு, ஆனால் சமையலறையில் நிற்பவரின் தலைக்கு மேல் தொங்கப்போகும் பொருள் இது.

எவ்வளவு பாரம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மில்லி பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ வரும். 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம், 13 அங்குல ஆழத்தில் ஒரு மேல் பெட்டி, கதவும் ஒரு தட்டும் சேர்த்து, காலியாகவே 25 கிலோவைத் தாண்டும். அதில் எவர்சில்வர் பாத்திரமும் அரிசி பருப்பு டப்பாவும் ஏறினால் 65, 70 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு இராப்பகலாகத் தொங்குவதற்குச் சமம். பூச்சில் மட்டும் பிடித்த ஸ்க்ரூ இதைச் சில மாதம் தாங்கும். அதற்குப் பிறகு தாங்காது.

ஓட்டை போடக்கூடாத இடங்களையும் இப்போதே சாக்பீஸால் குறித்துவிடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒரு சாண் அகலத்துக்கு வயர் பைப் போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்க்குக்கு மேல் சுவரில் குழாய் இருந்தால் அதன் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தண்ணீர் பைப் ஓடலாம். வீடு கட்டும்போது பூச்சுக்கு முன் எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடியும் வரை சமையலறை மின் இணைப்பை நிறுத்திவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள்.

பலகை விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. பெட்டிக்கு, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரை உள்ள 18 மில்லி பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் ஒட்டு பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. பின்பக்கத்துக்கு 6 மில்லி போதும். பார்ட்டிக்கிள் போர்டு விலை குறைவு, படுக்கையறை அலமாரிக்கு ஏதோ சரி. ஆனால் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டுச் சமையலறையில் அது ஊதி உதிர்ந்துவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி, பிவிசி பலகைகள் தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாதவை. சிங்க்குக்குக் கீழே மட்டும் அதைப் போடலாம். கீல் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பலம் பிளைவுட்டைவிடக் குறைவு, நீளமான தட்டு பாரத்தில் வளையும், அதனால் முழு சமையலறைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டுவதையும் ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட் ஒட்டுவதையும் பேனல் மெஷின் உள்ள இடத்திலேயே செய்து வாங்குங்கள். வீட்டில் கை ரம்பத்தால் வெட்டி ஓரத்தைப் பூசிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே நுழையும் வழியே அந்த ஓரம்தான்.

இன்னொன்று, பலகைக்கு முன், கீழ் பெட்டிக்குள் இழுப்பறை போல இழுத்துத் திறக்கும் கூடைகளை வாங்குங்கள். எவர்சில்வர் கூடைகள் 15, 17, 19, 21 அங்குலம் என்று குறிப்பிட்ட அகலங்களில்தான் வரும். உங்கள் கடப்பா தடுப்புக்குள் பெட்டி வைத்து, பெட்டியின் இரண்டு பக்கப் பலகையும் கூடை ஓடும் சேனலும் போக மீதி எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் அடங்கும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அளவு போட்டால் தப்பாது. மர இழுப்பறை என்றால் சாதாரண டெலஸ்கோப்பிக் சேனலுக்கு ஒரு பக்கம் 13 மில்லி இடம் வேண்டும். ஆக, பெட்டியின் உள் அகலத்தைவிட இழுப்பறை 26 மில்லி சிறியது. 24 கொடுத்தால் இறுகி நிற்கும், 30 கொடுத்தால் ஆடும்.

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். கீழே பெட்டியும் கதவும் வைத்துவிட்டு மேலே டிரில் போட்டால் பொடியும் கருவியும் புது லேமினேட்டின் மேல்தான் விழும். மேடை ஏற்கெனவே இருப்பதால் அதன் மேல் பழைய போர்வையும் அட்டையும் விரித்துவிடுங்கள். மேடையில் ஏறி நிற்க வேண்டி வந்தால் கடப்பா தடுப்புக்கு நேர் மேலே கால் வையுங்கள். சிங்க்குக்காக வெட்டிய ஓட்டையின் முன்பக்கம் ஒரு பட்டை மாதிரி மெலிந்த கல்தான் இருக்கும், அதில் ஆள் ஏறினால் விரிசல் விடும்.

மேல் கப்போர்டை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? கேட்லாக்குகளில் மேடையிலிருந்து 24 அங்குலம் என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சமைப்பவரை நிற்க வைத்துப் பாருங்கள். மேடை 33 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 22 அங்குலம் விட்டால் கப்போர்டின் அடித்தட்டு தரையிலிருந்து 55 அங்குலத்தில் வரும், அடுத்த தட்டு 68 அங்குலத்தில். 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு இந்த இரண்டும் எட்டும். பரணுக்கு ஒட்டி மூன்றாவது தட்டு வைத்தால் அது ஸ்டூல் போட்டு எடுக்கும் இடம், அங்கே பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பாத்திரத்தை வைக்கலாம். 20 அங்குலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். மிக்ஸியின் மேல் பெரிய ஜாரை வைத்து, மூடியைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆழம் வெளியளவில் 13 அங்குலம் இருக்கட்டும். நம் சாப்பாட்டுத் தட்டு 12 அங்குலம் வரைக்கும் இருக்கும், 12 அங்குலப் பெட்டியில் கதவு சாத்தாது. அதற்கு மேல் ஆழம் கூட்டினால் குனிந்து நிமிரும்போது நெற்றியில் இடிக்கும், சுவரிலிருந்து ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசையும் கூடும்.

அடுப்புக்கு நேர் மேலே கப்போர்டு வேண்டாம். சிம்னி வைத்தால் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குலம், தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மாட்டும் முறைக்கு வருவோம். பெட்டியின் அடிப்பாகம் எங்கே வர வேண்டுமோ அந்தக் கோட்டில் நேரான ஒரு மரச்சட்டத்தைத் தற்காலிகமாகச் சுவரில் அடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அப்படியும் ஒருவர் முன்னால் தாங்கியபடி நிற்க வேண்டும். கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், பாரம் கிட்டத்தட்ட கால் பங்குக்கு மேல் குறையும்.

சுவரில் இரும்புப் பட்டை அடித்து அதில் கொக்கி போட்டு மாட்டும் ஹேங்கர் முறை எனக்குப் பிடித்தது. மாட்டிய பிறகும் ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்டியை மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தலாம். ஆனால் உங்கள் வீட்டில் பரண் இருக்கிறது. கொக்கி பட்டையில் விழ வேண்டுமானால் பெட்டியை அரை அங்குலமாவது மேலே தூக்கி இறக்க வேண்டும். பரணுக்கு ஒட்டி அளவெடுத்துப் பெட்டி செய்துவிட்டால் தூக்க இடம் இருக்காது. முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு, மாட்டி முடித்த பிறகு லேமினேட் பட்டையால் மூடிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி இன்னொரு வகையிலும் உதவும். பரணின் அடிப்பக்கம் எந்த வீட்டிலும் மட்டமாக இருப்பதில்லை.

ஹேங்கர் இல்லாமல் நேரடியாக ஸ்க்ரூ போடுவதானால், 6 மில்லி பின்பலகையில் போடாதீர்கள், கிழித்துக்கொண்டு வந்துவிடும். பெட்டியின் உள்ளே, மேல் பலகைக்குக் கீழேயும் அடிப்பலகைக்கு மேலேயும் 18 மில்லியில் 3 அங்குலப் பட்டை ஒன்றை அகலவாக்கில் பொருத்தி, அதன் வழியாகச் சுவருக்கு ஸ்க்ரூ போக வேண்டும். நீளம் எவ்வளவு? பட்டையும் பின்பலகையும் 24 மில்லி, டைல்ஸும் அதன் கலவையும் பூச்சும் சேர்ந்து 25 முதல் 30 மில்லி, செங்கலில் 50 மில்லி. ஆக 100 மில்லி ஸ்க்ரூ, 10 மில்லி பிளக். மூன்றடிப் பெட்டிக்கு மேலே மூன்று, கீழே இரண்டு. கடைக்காரர் இரண்டு அங்குல ஸ்க்ரூவைக் கொடுத்து இது போதும் என்பார். அது செங்கலைத் தொடவே தொடாது.

டைல்ஸில் ஓட்டை போடும்போது மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் குறித்து, டைல்ஸ் பிட்டால், டிரில் இடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டுக்கு மாறி ஹேமரைப் போட வேண்டும். ஓட்டை போட்டதும் உள்ளே இருக்கும் பொடியை ஊதி, தேய்த்து, மறுபடி ஊதி வெளியேற்றுங்கள். பொடி நிறைந்த ஓட்டையில் எந்த பிளக்கும் பாதிப் பிடிதான் பிடிக்கும். சுவர் குழிந்திருக்கும் இடத்தில் ஸ்க்ரூவை இறுக்கினால் பெட்டியின் பின்பக்கம் சுவரோடு சேர்ந்து வளையும், முன்னால் கதவு கோணும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் பேக்கிங் வைத்து இடைவெளியை அடைத்துவிட்டு இறுக்க வேண்டும். ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டே இறுக்குங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒருமுறை பார்த்துக்கொண்டு.

பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது முன் ஓரம் இரண்டையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்த பிறகே ஸ்க்ரூ. 18-ம் 18-ம் 36 மில்லி, ஆகவே 30 மில்லி ஸ்க்ரூ. நீளமானதைப் போட்டால் மறுபக்கம் முனை எட்டிப் பார்த்து, பாத்திரம் எடுப்பவர் கையைக் கீறும்.

சுவர் முடியும் இடத்தில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மேலே ஒரு நூலும் கீழே நாலு நூலுமாக ஒரு சந்து கட்டாயம் வரும். அதற்கு 2 அங்குலப் பட்டை ஒன்றை வெட்டிச் சுவருக்கு ஒட்டி, ரசமட்டம் பார்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு வட்ட வாஷரை எடுத்து, அதன் ஓட்டையில் பென்சில் முனையைச் செருகி, வாஷரின் விளிம்பு சுவரைத் தொட்டபடி மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு வாருங்கள். சுவரின் நெளிவெல்லாம் அப்படியே பட்டையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் இழைத்தால் பட்டை சுவரோடு ஒட்டிக்கொள்ளும், சிலிக்கான் கொஞ்சம் போதும். எல் மூலையிலும் இந்தப் பட்டை அவசியம். இரண்டு பக்கமும் 2, 3 அங்குலம் பட்டை விடாமல் பெட்டிகளை மூலைக்கு நெருக்கிவிட்டால் ஒரு பக்கத்து இழுப்பறையைத் திறக்கும்போது மறுபக்கத்துக் கைப்பிடி தடுக்கும். முன்பு எழுதி வைத்த மூலை வித்தியாசத்தையும் இந்தப் பட்டையில்தான் சரிக்கட்ட வேண்டும்.

கீழ் பெட்டிகள் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. தரையில் வைத்து இணைத்து, குறுக்காக மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கும்போது பின்பலகையை அடித்தால் பெட்டி மூலைமட்டத்தில் நின்றுவிடும். அடியில் 4 அங்குல பிவிசி கால்கள். பிளைவுட் தரையைத் தொடவே கூடாது. கால் உள்ள பெட்டியென்றால் நீங்கள் தாராளமாகத் தரையைக் கழுவலாம். முன்னால் மறைக்கும் பட்டையும் பிவிசியாகவோ டைல்ஸாகவோ, கிளிப்பில் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். மாதம் ஒருமுறை கழற்றிக் கூட்டினால் கரப்பான் குடியேறாது.

கதவின் முகம் கிரானைட்டின் முன் விளிம்பைவிட அரை அங்குலமாவது உள்ளே இருக்கும்படி பெட்டியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். மேடையில் சிந்தும் தண்ணீர் கல்லின் நுனியிலிருந்து நேராகத் தரையில் விழ வேண்டும், கதவின் மேல் விளிம்பில் அல்ல. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கடப்பா கல்லின் முன்பக்கம் தெரியும். ஒரு பெட்டியின் ஓரத்தோடு லேமினேட் பட்டையைச் சேர்த்து அதை மூடிவிட்டால் பார்வைக்கு ஒரே வரிசையாக இருக்கும்.

சிங்க் பெட்டிக்குப் பின்பலகை வேண்டாம். வால்வும் கழிவுக் குழாயும் கைக்கு எட்ட வேண்டும். குழாய் நுழையும் ஓட்டையின் ஓரங்களில் சிலிக்கான் பூசி, குழாயைச் சுற்றி மிஞ்சும் சந்தையும் அடைத்துவிடுங்கள்.

கேஸ் சிலிண்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அழகுக்காகப் பலர் இதில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். சிலிண்டரை மூடிய அறைக்குள் வைக்கக்கூடாது என்பது எண்ணெய் நிறுவனங்களே சொல்லும் பாதுகாப்பு விதி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். இறுக்கமான கதவு போட்ட பெட்டிக்குள் அது சேர்ந்துகொண்டே இருக்கும், மூடியிருப்பதால் நமக்கு வாசனையும் சீக்கிரம் தெரியாது. ஆகவே சிலிண்டர் வைக்கும் பகுதிக்குப் பெட்டியும் வேண்டாம், மூடும் கதவும் வேண்டாம். கடப்பா தடுப்புக்குள் தரையிலேயே, நிமிர்ந்தபடி நிற்கட்டும். முன்னால் திறந்தபடி விட மனம் வரவில்லை என்றால் மேலிருந்து கீழ் வரை இடைவெளி விட்ட ரீப்பர் சட்டங்கள், அதுவும் தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கி, அவ்வளவுதான். நிறைந்த சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, மாற்றுபவர் சிரமமின்றி உருட்டி வைக்கும்படி வாசல் இருக்க வேண்டும். கேஸ் டியூபைப் பக்கத்துப் பெட்டிக்குள் புகுத்திக் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுபோகாதீர்கள். கல்லில் ஓட்டை வழியே போகிறது என்றால் ஓட்டையின் விளிம்பு டியூபை அறுக்காதபடி உறை போடுங்கள். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். டிரில் வேலை நடக்கும் நாட்களில் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரை வெளியே வைத்துவிடுங்கள். சிலிண்டரை வெளியே நிறுத்திச் சுவர் வழியாகப் பைப் இழுப்பது என்றால் அதை ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்தான் செய்ய வேண்டும். சுவருக்குள் புதிதாக வயர் இழுப்பதும் கிரானைட் வெட்டுவதும்கூட அப்படித்தான், அந்தந்த ஆளிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியில் கதவுகள். கீல் வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே ரகமாக வாங்கிவிடுகிறார்கள். கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கடையில் கிராங்க் என்பார்கள். பெட்டியின் பக்கப் பலகையைக் கதவு முழுதாக மூடினால் 0 கிராங்க். நடுவில் ஒரே பலகை நின்று இரண்டு பக்கமும் இரண்டு கதவு அதைப் பங்குபோட்டால் 8 கிராங்க். கதவு பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தால் 16. ஒவ்வொரு கதவுக்கும் எது வேண்டும் என்று வரைபடத்தில் எழுதி எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். கதவில் 35 மில்லி குழி, அதன் மையம் ஓரத்திலிருந்து 21 அல்லது 22 மில்லி, ஆழம் 12 மில்லி. 18 மில்லி கதவில் 12-க்கு மேல் போனால் மறுபக்கம் லேமினேட் புடைத்துக்கொள்ளும், அதனால் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழியை வீணான துண்டில் போட்டுப் பாருங்கள். 3 அடி வரை இரண்டு கீல், அதற்கு மேல் மூன்று.

மாட்டியதும் கதவுகள் கோணல்மாணலாகத்தான் நிற்கும், பதற வேண்டாம். கீலில் முன்னால் உள்ள ஸ்க்ரூ கதவை இடம் வலமாக நகர்த்தும், பின்னால் உள்ளது பெட்டியை ஒட்டியோ விலக்கியோ வைக்கும், தகட்டில் உள்ளவை மேலும் கீழும். முதலில் எல்லாக் கதவின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் நடுச்சந்தைச் சரிசெய்யுங்கள், முன்பின் நகர்த்துவது கடைசியாக. கைப்பிடி ஓட்டை இதற்கெல்லாம் பிறகுதான். பாத்திரம் ஏற்றி ஒரு மாதம் ஆனதும் பாரத்தில் பெட்டி கொஞ்சம் இறங்கி உட்காரும். அப்போது மேல் கப்போர்டின் சுவர் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, கீல்களை மறுபடி ஒரு சுற்று திருப்பிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு சுவர் ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் புது ஓட்டை போட்டுப் பெரிய பிளக்கில் மாட்டுங்கள். பழைய ஓட்டையில் தீக்குச்சி அடைத்து இறுக்குவது மேல் கப்போர்டுக்கு ஆகாது.